கடலின் மேல் மிதக்கும் கிணறு

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிறவர்கள் நெடுந்தீவுக்குப் போகலாமா என்று கேட்டால், ஊரில் கிடைக்கிற முதற் பதில் "இந்த மழைக்குள்ளயோ?" என்பதுதான். கடல் கொதிக்கும், படகு ஓடாது, ஓடினாலும் திரும்பி வருவது நிச்சயமில்லை, போன இடத்தில் ஒரு படம்கூட ஒழுங்காக எடுக்க முடியாது. இவற்றில் பாதி உண்மை. ஆனாலும் நான் மாரியில் போகச் சொல்கிற கட்சி. வெயில் காலத்தில் போனால் தீவைப் பார்த்துவிட்டு வரலாம். அது எதைக் குடித்து உயிர் வாழ்கிறது என்று தெரியவேண்டுமானால் மழைக்குள் போகவேண்டும்.

என்னோடு வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள். ஒருத்தி லண்டனிலிருந்து வந்து, பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டவள். ஒருவன் கொழும்பில் வங்கி உத்தியோகம். மற்றவன் யாழ்ப்பாணத்திலேயே கணிதம் படிப்பிக்கிற வாத்தியார். எதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டான். விடியப்புறம் தூறலோடு புறப்பட்டு, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போகிற தாம்போதிகளைத் தாண்டிக் குறிகட்டுவான் துறைக்கு வந்தோம். அங்கிருந்து ஒரு படகு நயினாதீவுக்கு, இன்னொன்று நெடுந்தீவுக்கு. நயினாதீவுப் படகில் அம்மன் கோவிலுக்கும் விகாரைக்கும் போகிற சனம் நிறைந்திருக்கும். நெடுந்தீவுப் படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்து, இரண்டு சைக்கிள், வேலைக்குப் போகிற உத்தியோகத்தர்கள், பிறகு எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்.

படகுப் பயணம் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. போகும்போது அவ்வளவு ஆட்டம் இல்லை. "இதுக்குத்தானா இவ்வளவு பயப்பிடுத்தினீங்கள்?" என்று லண்டன்காரி கேட்டாள். அவளுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. காரணம் காற்றின் திசையில் இருக்கிறது. மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே கிடக்கிறது. போகிற படகைக் காற்றும் அலையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். பாக்குக் கடல் ஆழம் குறைந்த கடல். ஆழ்கடலில் போல நீண்டு உருளுகிற அலை இங்கே எழாது. காற்று கொஞ்சம் பலத்தாலும் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறினாற்போல அலை வரும். அது முதுகில் தட்டினால் தெரியாது. திரும்பி வரும்போது முகத்தில் அறையும்.

மாவிலித்துறையில் இறங்கினால், துறைக்குப் பக்கத்தில் குமுதினிப் படகில் 1985 மே 15ஆம் திகதி கொல்லப்பட்டவர்களின் நினைவுத் தூபி. நாங்கள் வந்த அதே கடற்பாதையில் போனவர்கள் அவர்கள். மழைக்குள் கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு ஓட்டோவில் ஏறினோம்.

கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், வளரும் கல் என்று ஓட்டோக்காரர் அண்ணையிடம் ஒரு பட்டியல் இருந்தது. அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பட்டியலில் இரண்டாவது இடத்துக்குப் போகுமுன்னரே மழை ஊற்றத் தொடங்கியது. ஓட்டோவின் படங்குச் சீலை வழியாக இரு பக்கத்தாலும் தண்ணீர் உள்ளே வந்தது. அண்ணை ஒன்றும் சொல்லாமல் ஒரு தேத்தண்ணிக் கடையின் தாழ்வாரத்துக்குள் வண்டியை விட்டார். மழை விடுமட்டும் அங்கேதான் என்பது தெளிவாகிவிட்டது.

கடைக்கார அக்கா வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கொழும்புக்காரன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, சீனி போட்டனீங்களோ, உப்புப் போட்டனீங்களோ?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "தம்பி, மழை இப்பத்தானே துடங்கியிருக்கு. தைக்குப் பிறகு வந்து குடிச்சுப் பாருங்கோ. கரிப்புக் குறைஞ்சிருக்கும்."

தேத்தண்ணியின் மேல் மெல்லிய ஆடை ஒன்றும் படிந்திருந்தது, எண்ணெய் மிதப்பதுபோல. கரிப்புக்கு ஒரு காரணம், ஆடைக்கு இன்னொரு காரணம். இரண்டும் எங்கள் காலுக்குக் கீழே இருந்தன. மழைக்குள் வேறு வேலை இல்லை, ஆறுதலாகச் சொன்னேன். இப்போதும் அதே வேகத்தில்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஆடை. தீவு முழுவதும் சுண்ணக்கல். தோட்டத்து வேலிகளைப் பாருங்கள்: சாந்து எதுவும் இல்லாமல் பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே மைல்கணக்கில் மதில் எழுப்பியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும் அதே கல்தான். மழைநீர் வானத்திலிருந்து வரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற வாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் மிக மெல்லிய அமிலமாகி, சுண்ணக்கல்லைக் கரைக்கும். கல்லில் துளை, வெடிப்பு, பொந்து எல்லாம் இப்படி வந்தவை. கரைந்த சுண்ணாம்போடுதான் தண்ணீர் கிணற்றுக்கு வந்து சேருகிறது. அதைக் கொதிக்கவைத்துத் தேயிலை போட்டால், தேயிலையின் சத்துகளும் சுண்ணாம்பும் காற்றும் மேற்பரப்பில் சேர்ந்து ஆடை கட்டும். வேண்டாமென்றால் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விடவேண்டும். அக்காவிடம் தேசிக்காய் இருந்தது. ஆடை போனது, சாயமும் வெளுத்தது. கரிப்பு மட்டும் போகவில்லை.

கரிப்பின் கதை நீளமானது. நெடுந்தீவில் ஆறு இல்லை. மலை இல்லை. குடாநாட்டிலிருந்து தண்ணீர் வர வழியில்லை, நடுவே கடல். தீவின் கிணறுகளுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் அந்தத் தீவின் மேல் பெய்த மழை. ஆனால் அந்தக் கல்லோ துளை நிறைந்தது. மேலே இருந்து மழை இறங்குகிற அதே துளைகளின் வழியாகச் சுற்றிவரக் கடலும் உள்ளே வந்து நிற்கிறது. கிணறு கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கடல்நீர் வரவேண்டும் என்பதுதான் நியாயம். அப்படியிருக்க நல்ல தண்ணீர் எங்கே நிற்கிறது?

கடலின் மேல் நிற்கிறது. ஒரு லீற்றர் மழைநீரின் எடை 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். வித்தியாசம் 25 கிராம்தான், ஆனால் அது போதும். கல்லின் துளைகளுக்குள் நீர் வேகமாகக் கலக்க முடியாது; அதனால் இலேசான மழைநீர் கனமான கடல்நீரின் மேல் ஒரு படையாகத் தங்கிவிடுகிறது. நாங்கள் வந்த படகை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை ஏற ஏறப் படகு தாழ்ந்தது. தண்ணீருக்கு மேல் தெரிந்த பகுதியைவிட உள்ளே அமிழ்ந்த பகுதி பெருகிற்று. மழைநீரும் அப்படித்தான் கடலை அமிழ்த்திக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு அமிழும்?

வாத்தியார் பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்துக்கொண்டான். கடல்மட்டத்துக்கு மேலே கிணற்று நீர் நிற்கிற உயரத்தோடு கீழே அமிழ்ந்த ஆழத்தையும் கூட்டி 1,000ஆல் பெருக்கு. அது அமிழ்ந்த ஆழத்தை 1,025ஆல் பெருக்கினதுக்குச் சமமாக இருக்கவேண்டும். விடை: 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 மீற்றர். பத்து சென்ரிமீற்றர் நின்றால் நாலு மீற்றர். தீவின் நடுவில் தடித்து, கரைப்பக்கமாக மெலிந்துகொண்டு போய், கடற்கரையில் ஒன்றுமில்லாமல் முடிகிற ஒரு நன்னீர்ப் படை.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஒல்லாந்தர். நெடுந்தீவை 'டெல்ஃப்ட்' ஆக்கிய ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே கிணறு தோண்டுவது பற்றிய ஓர் அறிக்கையில் படோன் ஹைபென் என்ற அவர்களுடைய இராணுவப் பொறியியலாளர் இந்த விதியை எழுதினார். 1901இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க் தனியாக அதே முடிவுக்கு வந்தார். அவர் ஆராய்ந்தது வடகடல் தீவுகளில் விடுமுறைக்கு வந்து கடலில் குளிக்கிற சனத்துக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பது என்பதை. அதாவது எங்களைப் போன்றவர்களின் தேத்தண்ணிக்காகத்தான் அந்தக் கணக்கே வந்தது. இன்று இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்துத்தான் அந்த விதிக்கு வைத்திருக்கிறார்கள். கிணறு வெட்டிய எங்கள் பாட்டன்மாருக்கு விதி தெரியாது. ஆனால் கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஆழமாகப் போகாமல், அகலமாக வெட்டவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதைக் கண்ணால் காட்ட ஓரிடம் உண்டு: புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு. அடியே இல்லை என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்திய கிணறு. அதன் மேல்நீர் நல்ல நீர். ஆழத்துக்குப் போகப் போக உப்பு. அங்கே கடல் கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் கல்லுக்குள்ளே கடல் வந்து நிற்கிறது.

"அப்பிடியெண்டால் நாற்பது மீற்றர் தண்ணி இருக்கு, பிறகேன் கரிக்குது?" என்றான் கொழும்புக்காரன். நல்ல கேள்வி. மட்டையில் எழுதிய கணக்கில் இரண்டு நீரும் கோடு கிழித்ததுபோலப் பிரிந்து நிற்கும். கல்லுக்குள் அப்படி நிற்காது. கடல் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கிற உப்புநீரும் மேலும் கீழுமாக அசையும். ஒவ்வோர் அசைவிலும் இரண்டும் கொஞ்சம் கலக்கும். துளை பெரிதாக இருந்தால் கலப்பு அதிகம். மெல்லிய படையாக இருந்தால் கலங்கிய பகுதியே மேல்வரை வந்துவிடும். அக்காவின் கிணறு கரைக்குக் கிட்ட. அவள் கிணற்றில் அள்ளுவது முழுக் கடலும் அல்ல, முழு மழையும் அல்ல.

அத்தோடு அந்தப் படை ஒரு தொட்டியில் பூட்டி வைத்த தண்ணீரும் அல்ல. அது நாள் முழுவதும் கரையோரமாகக் கடலுக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பத்தடி தள்ளி நல்ல தண்ணீர் பொங்கி, வழிந்து கடலோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். அது குடாநாட்டின் கீழிருக்கிற படை வெளியே கசிகிற வாய். நெடுந்தீவில் அவ்வளவு அழகான கேணி இல்லை. கசிவு மட்டும் உண்டு. மழை ஊட்டிக்கொண்டிருக்கும்வரை படை தடித்திருக்கும். நின்றால் நாளுக்கு நாள் மெலியும்.

மழையோ வருடம் முழுக்க வருவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் தென்னிலங்கை நனையும், இங்கே புழுதி பறக்கும். வாத்தியார் மட்டையின் மறுபக்கத்தைத் திருப்பினான். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஒரு நல்ல மழைநாளில் 50 மில்லிமீற்றர் பெய்தால் தீவின் மேல் விழுவது 250 கோடி லீற்றர். தீவில் ஐயாயிரத்துக்கும் குறைவான சனம். ஆளுக்கு ஐந்து இலட்சம் லீற்றருக்கு மேல். ஒரே நாளில்!

"பிறகேன் தண்ணிப் பஞ்சம்?" என்று இந்தமுறை லண்டன்காரி கேட்டாள்.

விழுந்ததில் பெரும் பகுதி மரமும் புல்லும் குடித்தும் வெயிலில் ஆவியாகியும் போய்விடும். தாழ்ந்த நிலத்தில் தேங்கியது குட்டையாக நிற்கும். மிச்சம் இறங்கிப் படையோடு சேரும். சேர்ந்த நாளிலிருந்தே கரையால் ஒழுகத் தொடங்கும். ஆடி, ஆவணி வரும்போது கிணறுகள் கரிக்கும். கடல்நீரில் உப்பை நீக்கித் தருகிற ஏற்பாடும் இப்போது தீவில் இருக்கிறது, ஆனால் குளிக்க, தோய்க்க, மாட்டுக்கு வைக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் கிணறுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் ஒரு மனிதனின் கைவலிக்கு ஓர் எல்லை இருந்தது. கிணற்றிலிருந்து எடுத்ததை ஊறி நிரப்பக் கல்லுக்கு நேரம் கிடைத்தது. மோட்டர் பூட்டினால் கைவலி இல்லை. கிணற்று நீர்மட்டம் கால் மீற்றர் இறங்கியே நின்றால், அதே நாற்பது மடங்குக் கணக்கு மறுபக்கமாக வேலை செய்யும்: அடியில் உப்புநீர் பத்து மீற்றர் மேலே ஏறப் பார்க்கும். கிணற்றுக்கு நேர் கீழே உப்பு ஒரு கூம்பாக எழும். ஒருமுறை ஏறிய உப்பு மோட்டரை நிற்பாட்டியதும் இறங்கிவிடாது. பல மழைக்காலம் வேண்டும். ஆழ்துளைக் கிணறு இன்னும் மோசம், அது நேரே போய் உப்பைக் குத்தும். சுற்றுலா வளரவேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். வளரட்டும். ஒவ்வொரு விடுதியும் தனக்கென்று ஒரு மோட்டரைப் பூட்டி, வருகிறவர்களுக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டால், பக்கத்து வீட்டுக் கிணறு முதலில் கரிக்கும். கூரையில் விழுகிற மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பது விடுதிகளுக்குக் கட்டாயமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். கடையின் தகரக் கூரையிலிருந்து அன்று வாய்க்காலாக ஓடியதைப் பார்த்தபோது எவருக்கும் அந்த எண்ணம்தான் வந்திருக்கும். அக்கா இரண்டு அண்டாவை ஏற்கெனவே கீழே வைத்திருந்தாள். இரண்டாவது தேத்தண்ணியை அதிலிருந்து போட்டுத் தரச் சொன்னோம். கரிப்பு இல்லை, ஆடையும் இல்லை. லண்டன்காரிக்கு மட்டும் முதலாவதுதான் பிடித்திருந்ததாம். அவளோடு வாதாட முடியாது.

மழை தூறலாகத் தணிந்த பிறகு மீதிப் பட்டியலை முடித்தோம். பெருக்க மரம் ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்ததென்று சொல்வார்கள். உள்ளே பொந்து, ஆள் நுழைந்து நிற்கலாம். பஞ்சுபோன்ற தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்து, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கிற மரம் அது. நாங்கள் போனபோது இலையோடு இருந்தது. தீவில் தன்பாட்டில் திரிகிற குதிரைகள் வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு நின்றன. வறட்சி கடுமையான வருடங்களில் தண்ணீரில்லாமல் இந்தக் குதிரைகள் செத்து விழுந்திருக்கின்றன. அன்று ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு குட்டை இருந்தது. படம் எடுக்க நல்ல வெளிச்சம் இல்லை என்று கொழும்புக்காரன் குறைப்பட்டான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். தாழமுக்கம் பற்றிய அறிவிப்பு இருந்தால் அந்தக் கிழமை போகவேண்டாம். படகு நிற்பாட்டப்பட்டால் தீவிலேயே தங்கவேண்டி வரும். குறிகட்டுவானில் ஏறுமுன்னரே திரும்பி வருகிற கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். துறையில் நிற்கிற தீவுக்காரரிடம் கேட்பது உத்தமம், கடல் எப்படியிருக்கும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். குடை பிரயோசனமில்லை, காற்று பிடுங்கிக்கொண்டு போகும், மழைச்சட்டை வேண்டும். தொலைபேசிக்கு ஒரு பொலித்தீன் பை. கொண்டுபோன வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், அங்கே எறிந்தால் அந்தத் துளைக் கல்லுக்குள்தான் போகும். திரும்பும்போது படகு காற்றை எதிர்த்து வரும் என்று சொன்னேன் அல்லவா? முன்பக்கத்து வாங்கில் காலியாக இருக்கிறதே என்று ஓடிப்போய் இருக்காதீர்கள். தீவுக்காரர் எல்லோரும் பின்பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள், அவர்களோடு நெருக்கிக்கொள்ளுங்கள்.